ஊசி போடலாமா, வேணாமா? ஊர் கூடிக் கேட்க வேண்டிய கேள்வி



உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ரூபாய் நாணயம் அகலத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும்; சிலருக்கு இரண்டு கூட இருக்கும். அம்மை குத்திய அடையாளம் அது. உங்கள் பிள்ளையின் கையில் அது கிடையாது. (பிள்ளையின் இடது தோளில் தெரியும் சின்னத் தழும்பு வேறு. அது காசநோய்க்காகப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியுடையது.) பெரியம்மைக்கு, அதாவது வைசூரிக்கு, இன்று குழந்தைகளுக்கு ஊசி போடுவதே இல்லை. அந்த நோய் உலகத்தை விட்டே போய்விட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாம் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். உலகம் முழுவதும் ஒழிந்துவிட்டது என்று 1980 மே 8-ஆம் தேதி அறிவித்தார்கள்.

அந்தத் தழும்பை அன்றைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளவில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு அப்பால் ஓடியதையும், குதிருக்குள் ஒளித்து வைத்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ஆரம்ப காலத்தில் ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்தினார்கள். எந்த வீட்டுப் பிள்ளை, என்ன நோய் அதற்கு இருக்கிறதோ என்று தாய் பயந்தாள். பிறகு கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் வந்தது. அதைத் தயாரிப்பதற்காகத்தான் சென்னை கிண்டியில் 1899-ல் கிங் நிலையம் ஏற்பட்டது. மாட்டை வதைத்து எடுத்த மருந்து நமக்கு எதுக்கு என்று அப்போது வேறு ஒரு கூட்டம் மறுத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, அம்மை என்பது ஆத்தா வந்து இறங்குவது என்ற நம்பிக்கை. நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பூச்சொரிந்து தீச்சட்டி எடுக்கிற சீமை இது. ஆத்தாளை வரவிடாமல் தடுக்கிறேன் என்று ஒருவர் கத்தியும் பையுமாக வந்து நின்றால் யார் கையை நீட்டுவார்கள்? ஆனால் அதே நம்பிக்கைக்குள் நல்ல சுகாதாரமும் இருந்ததைக் கவனியுங்கள். வாசலில் வேப்பிலை சொருகினால் விருந்தாளி உள்ளே வரமாட்டார். அந்த வீட்டாரும் அடுத்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். நோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்று டாக்டர் இன்று சொல்வதும் அதைத்தான். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் ஊசி போட்டுக்கொள்வதையும் ஒரே குடும்பம் செய்யலாம். அம்மைத் தழும்புள்ள கையில்தான் நம் பெரியவர்கள் எத்தனையோ வருஷம் தீச்சட்டி ஏந்தினார்கள்.

படித்தவர்களுக்கும் பயம் உண்டு, ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்கிறவர்களுக்கும் உண்டு. உலகத்தில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அலி மாவ் மாலின், சோமாலியா நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சமையற்காரர். ஊசி வலிக்குமே என்று பயந்து தட்டிக் கழித்து வந்தவர். 1977 அக்டோபரில், அம்மை கண்ட இரண்டு பிள்ளைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழி காட்ட ஏறி உட்கார்ந்தார். சில நிமிஷப் பயணம்தான், நோய் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் போய், தயங்குகிற தாய் தகப்பன்மாரிடம் தன் கதையையே சொன்னார். 2013-ல் அந்த வேலையில் இருந்தபோதே காலமானார். பயந்த மனிதர் சொல்லும்போது பயப்படுகிறவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

சந்தேகம் வருவது குற்றமல்ல

நம் தமிழ்நாட்டு விஷயத்துக்கு வருவோம். இதை மூடி மறைப்பதில் பிரயோஜனமில்லை. 2008 ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு கைக்குழந்தைகள் இறந்து போயின. நாலு தாய்மார்கள் ஊசி போடக் கொண்டுபோன பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். விசாரணை நடந்தது. ஊருக்குள் வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுவது என்று மாற்றியது.

இதில் பாதுகாப்பு கூடியது. ஆனால் இன்னொன்று குறைந்தது. களையெடுப்பையும் கூலியையும் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போக எத்தனை பேரால் முடியும்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைகளில் எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் பெற்றவர்கள் தமிழ்நாட்டில் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர். 2015-16-ல் அது 70-க்கு இறங்கியது. திருவள்ளூர் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயமும் தூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது விளங்குகிறது. பிற்பாடு படிப்படியாக ஊருக்குள் ஊசி போடுவது திரும்பியது. 2019-21 கணக்கில் 89 ஆக ஏறிற்று.

தட்டம்மை மருந்து பொடியாகத்தான் வரும். அதற்கென்றே கூட வரும் நீரில் மட்டும் கலக்க வேண்டும். கலந்த பிறகு நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். குப்பியைத் திறந்த நேரத்தை அதன்மேல் எழுதி வைப்பது விதி. இதெல்லாம் நர்சம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "எத்தனை மணிக்குங்க இதைத் திறந்தீங்க?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல செவிலியர் அதற்குக் கோபப்படமாட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். குப்பியின் மேல் ஒரு சிறு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் அச்சடித்திருக்கும். மருந்து வெயிலிலோ வெப்பத்திலோ கிடந்திருந்தால் உள்ளேயிருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் அதிகம் கறுத்துவிட்டாலோ அந்தக் குப்பியைப் போடக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஊசிக்குழலும் ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ரகம். மறுபடி உபயோகிக்க முடியாது.

"மலடாகிப் போயிருமாமே!"

தம்பதியராகிய உங்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டிய பகுதி இது.

2017 பிப்ரவரி 6-ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை – ருபெல்லா ஊசி முகாம் ஆரம்பமாயிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஏறக்குறைய 1.75 கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். முகாம் தொடங்குவதற்கு முன்பே செல்போனில் வாட்ஸ்அப் வழியாக வதந்தி கிளம்பிவிட்டது. ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், வெளிநாட்டான் நம்மை வைத்துப் பரிசோதிக்கிறான், பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் குழந்தை பிறக்காது என்று வரிசையாகச் செய்திகள். பள்ளிக்கூடத்தில் சம்மதச் சீட்டு கொடுத்தால் வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

மலட்டுத்தனப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்து கொடுக்கப் போனபோது, ஆண்பிள்ளையின் ஆண்மை போய்விடும் என்று கதவைச் சாத்தினார்கள். கொரோனா ஊசி வந்தபோதும் அதே பேச்சுதான் புது உடை போட்டுக்கொண்டு வந்தது. இதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், முக்கியமாக வட மாநிலங்களில், ஜனங்களைக் கட்டாயப்படுத்திக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு அரசாங்கத்துப் பையோடு யார் வந்தாலும் "இது அந்த ஊசியோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கட்டாயம் அன்று எத்தனை ஆபரேஷன் செய்ததோ தெரியாது, அது விதைத்த அவநம்பிக்கைக்குப் பல பத்தாண்டுகள் விலை கொடுத்தோம். தடுப்பூசியை ஊராரைக் கேட்காமல், விளக்காமல் போடக்கூடாது என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இப்போது உண்மையைப் பாருங்கள். ருபெல்லா என்பது பிள்ளைகளுக்கு லேசான ஜுரமும் தடிப்புமாக வந்து போகிற நோய். வந்ததே சில வீட்டில் தெரியாது. ஆனால் கர்ப்பிணிக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில் வந்தால், கரு கலையலாம். அல்லது குழந்தை கண்புரையோடும், காது கேளாமலும், இருதயத்தில் ஓட்டையோடும் பிறக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் இப்படிப் பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளைப் பல வருஷமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. ஆகவேதான் பெண்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே போடுகிறோம். ஆண்பிள்ளைக்கும் ஏன் என்றால், நோயை வீட்டுக்குக் கொண்டுவருவது அவனாகவும் இருக்கலாம். ஆக, பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று வதந்தி பரவிய அந்த ஊசிதான், பிறக்கப்போகும் பிள்ளையின் கண்ணையும் காதையும் காப்பாற்றுகிற ஊசி. 2017-ல் பதினைந்து வயதில் கையை நீட்டிய பெண்களில் பலர் இன்று கல்யாணமாகித் தாய்மார்களாக இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பிணிக்குப் போடும் ரணஜன்னி ஊசியும் அப்படித்தான். தொப்புள்கொடியில் சாம்பலும் சாணியும் வைத்த நாளில், நன்றாகப் பால் குடித்த சிசு ஒரு வாரத்துக்குள் வாய் கிட்டி வில்லாய் வளைந்து செத்துப்போகும். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள். சுத்தமான பிரசவமும் தாய்க்குப் போட்ட ஊசியும் சேர்ந்து, அந்தச் சாவு இந்தியாவில் மிக அபூர்வமாகிவிட்டது என்று 2015-ல் உறுதி செய்தார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம்

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக், ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சென்னை அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். இருதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சு. ஊசி போட வரிசையில் நிற்க இருந்தவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று தெரிவித்தது அக்டோபர் மாதத்தில். ஆறு மாதம் ஆயிற்று! வதந்திக்கு ஆறு நிமிஷம் போதும். சுகாதாரத் துறையார் எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். லட்சக்கணக்கான பேர் ஒரே வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டால், அந்த வாரத்தில் எப்படியும் வரவேண்டிய மாரடைப்பும் ஜுரமும் அவர்களில் சிலருக்கு வந்தே தீரும். ஊசியால் வந்ததா, ஊசிக்குப் பிறகு வந்ததா என்பதை ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும். ஆகையால் ஊசிக்குப் பின் பிள்ளைக்கு எது வந்தாலும் மறைக்காதீர்கள். நர்சம்மாவிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அது புகார் கொடுப்பது ஆகாது. அந்தக் கணக்கு சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

பிறகு எப்படி ஜனங்கள் வந்தார்கள்? சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் தொண்டு நிறுவனங்கள் ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணி கொடுத்தன, குலுக்கலில் பரிசும் வைத்தன. வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் பிரியாணி போட முடியாது, பிள்ளையின் ஒன்றரை வயது ஊசிக்கு யார் போடுவது? திருவாரூர் பக்கம் காட்டூர் ஊராட்சியில் 2021 ஜூலைக்குள் தகுதியுள்ள அத்தனை பேரும் போட்டுக்கொண்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் ஊராட்சி. செப்டம்பர் 12-ஆம் தேதி மாநிலம் முழுவதும் பள்ளிக்கூடத்திலும் சத்துணவுக் கூடத்திலும் ஊர்ப் பொது இடத்திலும் முகாம் வைத்தபோது, ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஏப்ரலில் பயந்த அதே ஜனங்கள்தான். ஊசி அவர்கள் வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு மறுநாள் வயலுக்குப் போவதையும் கண்ணால் பார்த்தார்கள்.

ஒரு வீட்டுக் காரியமா, ஊர்க் காரியமா?

"என் பிள்ளைக்கு நான் போடலை. உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டும்.

தட்டம்மையைப்போல வேகமாகத் தொற்றுகிற நோய் அதிகமில்லை. ஒரு பிள்ளை இருமினால், பாதுகாப்பில்லாமல் பக்கத்தில் இருக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு வரும். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றுக்குச் சுமார் 85 பிள்ளைகளுக்குத்தான் முழுப் பலன் தரும். ஒன்றரை வயதுக்குப் பிறகு போடும் இரண்டாவது ஊசியில்தான் மிச்சப் பிள்ளைகளும் கரை சேரும். ஊரில் நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் இருந்தால் நோய் உள்ளே வந்தாலும் ஓட இடமில்லாமல் அணைந்துவிடும். 80 போதாது. எட்டு மாதக் கைக்குழந்தைக்கு ஊசி போடும் வயதே வரவில்லை. அதற்குக் காவல் மற்றப் பிள்ளைகள்தான். கண்மாய்க்கரையில் எல்லோரும் அவரவர் பங்குக்கு மண் போடுகிறோம். ஒருவர் பங்கு விட்டுப்போனால் அந்த இடத்தில் உடையும் தண்ணீர் அவர் வயலுக்குள் மட்டும் பாய்வதில்லை.

கேரளத்தில் படிப்பு குறைவா? இருந்தும் 2016-ல் மலப்புரம் மாவட்டத்தில், மறைந்துவிட்டதாக நினைத்த தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைப் பறித்தது. ஊசி போடாத வீடுகள் சில இடங்களில் நெருக்கமாக இருந்ததுதான் காரணம். நம் பக்கத்திலும் ஊசி விட்டுப்போகிற வீடு எல்லாமே பிடிவாதக்கார வீடு அல்ல. செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் வந்து தங்கியிருக்கும் குடும்பம், திருப்பூருக்குப் பிழைக்கப் போய்த் திருவிழாவுக்குத் திரும்பிய குடும்பம், தாய்வீட்டில் பிரசவமாகி எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இல்லாமல் போன பிள்ளை, இவர்கள்தான் பெரும்பாலும். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஊர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தார் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1991-92-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சி ஒரு பக்கம். ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அந்தந்த ஊர்ப் பையன்களும் பெண்களும். ஆயிரக்கணக்கான பெண்கள், கல்லுடைக்கிறவர்கள் உட்பட, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். "பொம்பளை சைக்கிள் ஏறுறதா?" என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி ஏறியதும் சிரிப்பு நின்றது.

தடுப்பூசிக்கும் அதே வழிதான். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடுகிறது அல்லவா? ரோடும் தெருவிளக்கும் பேசியது போக, நம் ஊரில் எத்தனை பிள்ளைக்கு இரண்டாவது தட்டம்மை ஊசி பாக்கி என்று நர்சம்மாவிடம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பயம் உள்ளவர்கள் அங்கேயே எழுந்து கேட்கட்டும். தனியே கேட்ட சந்தேகம் ஒரு வீட்டோடு தீரும், சபையில் கேட்டால் இருபது வீட்டுக்குத் தீரும். மகளிர் குழுக் கூட்டத்திலும் கேட்கலாம். பதில் சொல்ல வருகிறவர் அதட்டினால், "கோவிச்சுக்காம விளக்கிச் சொல்லுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போட மறுத்த வீட்டை ஒதுக்கி வைப்பதும் திட்டுவதும் வேண்டாம். போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

கணவன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊசி அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது பெண்சாதி வேலை என்று விட்டுவிடுகிறீர்கள். ராத்திரி பிள்ளைக்கு ஜுரம் அடித்தால், "யாரைக் கேட்டுப் போட்டே?" என்று சத்தம் போடுவதும் நீங்கள்தான். அத்தைக்காரியும் சேர்ந்துகொண்டால் அந்தப் பெண் அடுத்த ஊசிக்கு எப்படிப் போவாள்? ஒரு தடவை கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள். "என்னங்க, நீங்களே கேளுங்க" என்று அவளே சொல்வாள். என்ன ஊசி, எந்த நோய்க்கு, என்ன தொந்தரவு வரலாம், அடுத்தது எப்போது என்ற நாலையும் சொல்ல வேண்டியது செவிலியரின் கடமை.

ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் போடும் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் ஜுரமும், போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். நர்சம்மா கொடுக்கும் ஜுர மருந்தைச் சொன்ன அளவில் கொடுத்து, தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுங்கள். வீங்கிய இடத்தில் தேய்க்கவோ சூடு வைக்கவோ மஞ்சள் அரைத்துப் போடவோ வேண்டாம். சுத்தமான ஈரத்துணி போதும். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு லேசான ஜுரமும் தடிப்பும் வந்து தானே மறையும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி எழும்பி உடைந்து தழும்பாகும், அதைத் தொட வேண்டாம். வலிப்பு, மூச்சுத் திணறல், விடாத அழுகை, மிக அதிக ஜுரம் என்றால் மட்டும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடுமையான ஒவ்வாமை மிக மிக அபூர்வம். அது வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே வரும் என்பதால்தான், போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறோம். "பஸ் போயிரும்" என்று எழுந்து ஓடிவிடாதீர்கள்.

சளி, லேசான இருமல், லேசான ஜுரம் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எதுவானாலும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் வழங்கும் மகப்பேறு உதவித்தொகை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் தவணை பிள்ளையின் ஊசியோடும் சேர்ந்தது. ஆனால் பணத் தவணை முடிந்தவுடன் ஊசித் தவணையும் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு, பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் இரண்டாவது தட்டம்மை – ருபெல்லா ஊசியும் ஊக்க ஊசியும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. ஐந்து வயதிலும், பத்து, பதினாறு வயதிலும் ஊசி இருக்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே "நாள் கடந்து போச்சே, நர்சம்மா திட்டுவாங்களே" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை வாருங்கள். அட்டை தொலைந்துபோயிருந்தாலும் வாருங்கள், பதிவேட்டைப் பார்த்து வேறு எழுதித் தருவார்கள்.